ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் போறீங்களா? அங்க ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்துக்கு டிக்கெட்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க

எடின்பரோல இருந்து வேன் டூர் புடிச்சு ஃபேமிலியோட ஒரு ஞாயித்துக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸ் போனோம். புகார் ஓடிட்டிருக்கு, அதனால கம்பெனி பேரு போடல. ஊருக்குள்ள நுழையும்போதே டிரைவர், அவர்தான் கைடும், மைக்கப் புடிச்சு இன்னிக்கு சண்டே, ஓல்டு கோர்ஸ்ல கோல்ஃப் கிடையாது, ஆனா எங்ககிட்ட ஸ்பெஷல் பெர்மிட் இருக்கு, தலைக்கு 15 பவுண்டு குடுத்தா மைதானத்துக்குள்ள இருக்குற ஸ்வில்கன்ங்கிற பழைய கல் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னாரு. கேஷ் மட்டும்தானாம். நாலு பேருக்கு 60 பவுண்டு அவுட்.

அங்க போய்ப் பாத்தா கேட்டும் இல்ல, டிக்கெட் பாக்க ஆளும் இல்ல. ஊர்க்காரங்க நாயக் கூட்டிட்டு வாக்கிங் போறாங்க, குழந்தைங்க புல்லுல உருளுதுங்க. ஒரு பெரியவர்கிட்ட எவ்ளோ குடுத்து வந்தீங்கன்னு கேட்டேன், மனுஷன் சிரிச்சுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆட்டம் இல்லாததாலதான் அன்னிக்கு யாரு வேணா ஃப்ரீயா நடக்கலாமாம், ஓபன் மாதிரி பெரிய கோல்ஃப் போட்டி இருந்தாதான் வேற கதை. மத்த நாள்லயும் 1ஆவது, 18ஆவது குழியோட ஃபேர்வேக்கு (பந்தடிக்கிற புல்வெளி) குறுக்க ஒரு பொதுப்பாதை இருக்கு, பந்து வருதான்னு பாத்துட்டு கடக்கணும், அவ்ளோதான். அதாவது எது ஃப்ரீயோ அதையே காரணமாச் சொல்லி காசு புடுங்கிருக்காரு, என்னா தில்லு பாருங்க.

இதோட முடியல. அந்த ஊர் கேஸில் (பழைய கோட்டை) டிக்கெட் டூர்லயே சேர்த்திதான், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கம்பளிக் கடையில இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்த முழுங்கிட்டாரு (கமிஷன் இல்லாமலா?). கடைசில கேஸிலுக்கு இருபது நிமிஷம். 1546-47 முற்றுகையப்போ வெளிய இருந்தவங்க தோண்டுன சுரங்கமும் அத மறிக்க உள்ள இருந்தவங்க தோண்டுன எதிர்ச்சுரங்கமும் இன்னும் அப்படியே இருக்கு, குனிஞ்சு தவழ்ந்து உள்ள போகலாம், பையன் அதுக்குன்னே வந்தான், க்யூல நிக்கும்போதே ஹார்ன் அடிச்சுட்டாங்க. ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் த புரூஸ் முன்னிலையில 1318ல அர்ப்பணிச்ச கதீட்ரல வேன் ஜன்னல் வழியா காட்டுனாங்க, அதுக்குப் பேரு "விசிட்".

மெயில் போட்டதுக்கு அது பெர்மிட் இல்ல கைடு சார்ஜ்னு பதில். ரசீது கேட்டேன், அதுக்கப்புறம் சத்தமே இல்ல. கேஷா குடுத்ததால பேங்க்லயும் டிஸ்ப்யூட் போட வழியில்ல.

டூரே வேணாங்க. ஊர்ல இருந்த ஸ்டேஷன 1969லயே மூடிட்டாங்க, அதனால எடின்பரோ வேவர்லி ஸ்டேஷன்ல இருந்து பக்கத்து ஊரான லூகர்ஸுக்கு ட்ரெயின், சுமாரா ஒரு மணி நேரம், அங்க இறங்குனா 99ஆம் நம்பர் பஸ் நேரா ஊருக்குள்ள விட்டுடும். ஞாயித்துக்கிழமை சர்வீஸ் கம்மியா இருக்கும், திரும்பி வர்ற டைமையும் முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.