வெனிஸ்ல மை பாஸ்தா சூப்பர், மீன் பில்லுதான் ஷாக்

ரியால்டோ பாலத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்கற ரெஸ்டாரன்ட், பேரு வேணாம். நானும் வீட்டுக்காரரும் நடந்து நடந்து கால் ஓஞ்சுபோய் உக்காந்தோம். கணவாய் மை போட்ட பாஸ்தா இருக்கே, பாக்க தார் ரோடு மாதிரி கன்னங்கரேல்னு இருக்கு, ஆனா வாயில வச்சா அப்டி ஒரு ருசி, இவரு பல்லு உதடெல்லாம் கருப்பா வச்சுக்கிட்டு "நல்லாருக்குல்ல"ன்னு கேட்டதுல எனக்குப் புரையேறிடுச்சு. அதுக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.

கடுப்பு பில்லுலதான். மெனுல மீன் 8 யூரோன்னு பாத்ததும் அட சீப்பா இருக்கேன்னு சொல்லிட்டோம், அது 100 கிராமுக்காம், பக்கத்துல பொடி எழுத்துல 'எட்டோ'ன்னு போட்ருக்கு, இத்தாலியன்ல 100 கிராம்னு அர்த்தமாம், வந்த மீனு 700 கிராம், ஆச்சா 56 யூரோ! இதுபோக 'கோபெர்த்தோ'ன்னு தலைக்கு 3 யூரோ, அது டேபிள்ல உக்காந்ததுக்கே வாங்கற காசு, இத்தாலில நிறைய ஊர்ல உள்ளதுதான், அதுல குத்தம் சொல்லமாட்டேன். ஆனா மீன எடை போட்டு காட்டிட்டு சமைச்சிருக்கலாம்ல? சர்வர் வாயே தொறக்கல.

போறவங்க பாஸ்தாவோட எந்திரிச்சுடுங்க. இவரு இன்னும் மீன் முள்ளக்கூட விடாம சாப்ட்ருக்கணும்னு புலம்பிட்டு இருக்காரு.