ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மூன்று வார லீவில் டொராண்டோவிலிருந்து கும்பகோணம் போனேன். கோயில், கல்யாணம் எல்லாம் போட்டு வைத்த திட்டத்தில் பாதி எக்ஸ்ரே கவரோடு அலைந்ததில் போயிற்று.

அம்மாவுக்கு 72 வயது. நான்கு மாதமாக வலது தொடையில் வலி. வீடியோ காலில் கேட்டால் "வயசாச்சுல்ல" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். நேரில் பார்த்தால், நாற்காலியிலிருந்து எழும்போது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருந்தார்கள். ஒருவர் முட்டியைப் படம் எடுத்தார். இன்னொருவர் முதுகுக்கு எம்ஆர்ஐ எழுதி, நரம்பு அழுத்தம் என்றார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. கனடாவில் எம்ஆர்ஐக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே காலையில் போனால் சாயங்காலம் ரிப்போர்ட் கையில். பிசியோதெரபி தம்பி வீட்டுக்கே வந்து போனார். எல்லாம் சரி, வலித்த தொடையை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

தஞ்சாவூரில் பார்த்த மூன்றாவது டாக்டர், முதலில் மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டச் சொன்னார். பிபி, சுகர், தைராய்டு மாத்திரைகளுக்கு நடுவே நான்கு மாத்திரை கொண்ட ஓர் அட்டை: அலென்ட்ரோனேட் 70 மி.கி.

"இது எத்தனை வருஷமா சாப்பிடறீங்கம்மா?"

"பெரியவன் வீடு கட்டினதுக்கு முந்தின வருஷம்... ஒம்போது வருஷம் இருக்கும் தம்பி."

எலும்பு அடர்த்தி குறைவு என்று எப்போதோ எழுதித் தந்தது. ஞாயிறு தவறாமல் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் வாயில் வைக்கக் கூடாது. அம்மா ஒரு வாரம்கூட விட்டதில்லை.

இரண்டு தொடையையும் இடுப்பிலிருந்து முட்டி வரை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வலது எலும்பின் வெளிப்பக்கத்தில் பறவை அலகு மாதிரி ஒரு சின்னப் புடைப்பு, அதில் குறுக்கே மயிரிழைக் கோடு.

எலும்பை அரிக்கும் செல்களை இந்த மாத்திரை அடக்குகிறது. இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் காப்பது அதனால்தான். ஆனால் நடக்க நடக்க விழும் நுண்விரிசலைச் சுரண்டி எடுத்துப் புது எலும்புக்கு இடம் விடுவதும் அதே செல்கள். வருஷக்கணக்கில் அடக்கினால் விரிசல் தங்கிவிடும். ஒருநாள், விழாமலேயே, தொடை எலும்பு குறுக்கே முறியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே எச்சரித்திருக்கிறது. வழக்கமாக ஐந்து வருஷம் ஆனதும் தொடரலாமா, இடைவெளி விடலாமா என்று பார்க்க வேண்டுமாம். "அபூர்வம்தான் சார். இந்த மாத்திரையால தப்பிக்கிற முறிவுதான் ரொம்ப அதிகம். பயந்து யாரும் தானா நிறுத்திடக் கூடாது" என்றார் டாக்டர்.

மெடிக்கல்காரர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பழைய சீட்டைக் காட்டினால் கொடுத்தார். அப்புறம் சீட்டும் வேண்டாம், போன் செய்தால் பையன் கொண்டுவந்து தருவான். அந்த வசதியை ஊரெல்லாம் மெச்சியவனும், மாதாமாதம் பணம் அனுப்பியவனும் நான்தான்.

முழுதாக முறிவதற்குள் உள்ளே ராடு வைத்துவிட்டார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். இடது காலிலும் வரக்கூடும் என்பதால் அதையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அலென்ட்ரோனேட்டை நிறுத்தியாயிற்று, கால்சியம், வைட்டமின் டி மட்டும் தொடர்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, விடிந்ததும் அம்மா கேட்டார்: "அப்போ இன்னிக்கு எழுந்த உடனே காபி குடிக்கலாமாடா?"