பெட்ரோல் செயின் சா: வருடக்கணக்கில் உழைத்த பிறகு தெரிவது

மரம் அறுக்கும் செயின் சா வாங்கும்போது எல்லோரும் இன்ஜினின் சிசியையும், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நீளத்தையும்தான் கேட்கிறார்கள். சில வருடம் உழைத்த பிறகு, ஒரே மாடலில் ஒன்று நன்றாக ஓடுவதற்கும் இன்னொன்று ஒர்க்‌ஷாப்பிலேயே கிடப்பதற்கும் பெரும்பாலும் செயினின் கூர்தான் காரணம்.

கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு மாதிரித் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது. அப்போது கை தன்னாலேயே அழுத்த ஆரம்பிக்கும். அழுத்த அழுத்த பார் சூடேறும், கிளட்ச் தேயும், வெட்டு முடிந்ததும் மெஷின் சட்டென்று கீழே பாயும். ஓடும் செயின் ஒரு நொடி மண்ணில் பட்டாலே கூர் போய்விடும்.

அரம் சரியான அளவில் இருக்க வேண்டும். செயின் கண்ணிகளின் இடைவெளியைப் பிட்ச் என்பார்கள், அது அங்குலத்தில் இருக்கும். 3/8 பிட்ச் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. வட்ட அரம், 0.325 பிட்ச்சுக்கு 4.8 மி.மீ. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். கோணம் பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திமிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பல்லைவிட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், அதற்கான அளவுத் தகட்டை (கேஜ்) வைத்துத் தட்டை அரத்தால் ராவலாம். அதிகமாக ராவினால் செயின் மரத்தைக் கவ்வி உதைக்கும்.

செயினை இறுக்கும்போது பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி இறுக்குங்கள். கீழே தொங்கக் கூடாது, ஆனால் கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். வேலை நடுவே சூட்டில் இறுக்கியிருந்தால், முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது செயின் சுருங்கிப் பாரையும் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டையும் இழுக்கும். ஒவ்வொரு முறை செயின் மாற்றும்போதும் பாரைத் திருப்பிப் போட்டு, காடியையும் ஆயில் துளையையும் சுத்தம் செய்தால் பார் இரு விளிம்பிலும் சமமாகத் தேயும். பழைய இன்ஜின் ஆயிலை, பாருக்கும் செயினுக்கும் வழுக்கல் தரும் பார் ஆயிலாக ஊற்றவே கூடாது. அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பைத் தின்றுவிடும்.

50:1 கலவை என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில், உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ள விகிதமே இறுதி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வைத்த கலவை கார்புரேட்டரை அடைக்கும். நீண்ட நாள் எடுத்துவைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

பெரிய ஆபத்து கிக்பேக். பாரின் மூக்கில் மேல் பாதி எதிலாவது பட்டால், கண் இமைப்பதற்குள் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பும். அதனால்தான் முன் கைப்பிடியைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேல் வெட்டக் கூடாது, ஏணியில் நின்று தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்து, செயினை நிறுத்தும் பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது கால் நுனியை வைத்துத்தான். தொங்கவிட்டு இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலைக்கு முன் தினமும் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் செயின் சுற்றினால், சும்மா ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம். அதை மாற்றும்வரை அந்த மெஷினை எடுக்காதீர்கள்.