முதியோர் இல்ல ஆய்வுக்கு ஆள் தெரிந்து தரும் சேவை: திருகோணமலை அனுபவம்

முதியோர் இல்லப் பணியாளர்களின் வேலைச்சுமை பற்றிய நேர்காணல் ஆய்வொன்றுக்கு, திருகோணமலை நகரை அண்டிய மூன்று இல்லங்களிலிருந்து 16 பேரைத் தெரிவு செய்து தரும் பொறுப்பை ஒரு கள ஆய்வுச் சேவையிடம் ஒப்படைத்திருந்தோம். இத்தனை சிறிய தொகையில் எழுமாற்றாக எடுத்தால் பகல்நேரப் பராமரிப்பாளர்களே நிறைந்துவிடக்கூடும் என்பதால், வேலை, கடமை நேரம், அனுபவம், மொழி ஆகியவற்றில் இயன்றவரை வேறுபட்டவர்களைத் தேடிச் சேர்க்கும் நோக்க மாதிரியெடுப்பையே கேட்டிருந்தோம்.

முதலில் வந்த பட்டியல் பார்வைக்குக் குறையற்றதாகவே இருந்தது. மூவினத்தவரும் இருந்தனர், ஆண்களும் பெண்களும் இருந்தனர். ஆனால் 14 பேர் பகல் கடமையினர். விசாரித்தபோது, நன்றாகக் கதைக்கக்கூடியவர்களின் பெயர்களை முகாமையாளர்களிடமே கேட்டு வாங்கியிருந்தது தெரியவந்தது. நிர்வாகத்துக்கு நோகாமல் கதைப்பவர்களைத்தான் முகாமையாளர்கள் நன்றாகக் கதைப்பவர்கள் என்பார்கள். கள வேலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதை நாங்கள் சொல்லவேண்டியிருந்தது வியப்புத்தான்.

எனினும், மேலதிகக் கட்டணமின்றி வேலையைத் திரும்பச் செய்தார்கள் என்பதையும், இரண்டாம் முறை செய்தது உண்மையிலேயே நல்ல வேலை என்பதையும் சொல்லியாகவேண்டும். இல்லங்களின் கடமைப் பட்டியல்களை வாங்கி, வேலை வகையை ஒரு பக்கமும் கடமை நேரத்தை மறுபக்கமும் இட்டுக் கட்டம் வரைந்து, வெறுமையாகக் கிடந்த கட்டங்களுக்குரியவர்களைத் தேடிச் சென்றார்கள். சமையற்காரர், இரவுக் காவலாளி, சலவை செய்யும் பெண் ஆகியோர் அப்படித்தான் வந்தனர். அந்தப் பெண், கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட 2009க்கு முன்பே பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து வேலைக்கு வந்தவர். தாதியல்லாத தன்னிடம் கேட்க என்ன இருக்கிறது என்று தயங்கியபடியே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர், காலையில் நனைந்து வரும் விரிப்புகளை எண்ணினாலே இரவில் எத்தனை கட்டில்களுக்கு ஆள் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்துவிடும் என்றார். முதற்பட்டியலில் இருந்த எவரும் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

இரண்டு வாரம் என்று ஒப்புக்கொண்ட வேலை நான்கு வாரமானதைப் பொறுத்துக்கொள்ளலாம். பங்குபற்ற மறுத்தவர்கள் மூவர் என்று மட்டும் சொன்னார்களே தவிர, அவர்கள் எந்த வேலையினர், எந்த நேரக் கடமையினர் என்பதைக் குறித்து வைக்கவில்லை. அந்தக் குறிப்பு கைக்கு வரும்வரை கடைசித் தவணைக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.