பீலித் தண்ணீரில் எரிந்த சிவப்பு பல்ப்

நாலாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்காக, தண்ணீரில் சக்கரம் சுழற்றி பல்ப் எரியவைக்கும் பொறியியல் பெட்டி ஒன்றை ஹட்டனில் ஒரு கடையில் வாங்கினேன். விலை 2,450 ரூபாய். எட்டுத் தகடுகள் செருகும் சக்கரம், அதே அச்சில் ஒரு பெரிய கப்பி, சுழற்றினால் மின்சாரம் தரும் சிறு மோட்டார், அதன் முனையில் சின்னக் கப்பி, இறப்பர் பட்டி, வெள்ளை எல்.இ.டி. பல்ப், பலகைத் தாங்கி. ஒன்றரை மணி நேரத்தில் அவளே பூட்டி முடித்தாள். துளைகள் எதுவும் விலகியிருக்கவில்லை. தகடுகள் கச்சிதமாக அமர்ந்தன.

செய்முறைத் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. இது எனக்கு மனவருத்தம். படத்தைப் பார்த்துப் பூட்டிவிடலாம். ஆனால் பெரிய கப்பி ஒரு சுற்றுச் சுற்றினால் சின்னது பல சுற்றுச் சுற்றும், அந்த வேகம்தான் மின்சாரம் தரும் என்ற விளக்கம் எழுத்தில்தான் இருக்கிறது. மலையகத்தில் விற்கிறவர்கள் ஒரு பக்கமாவது தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். பட்டியும் கப்பியும் என் அன்றாட வேலை என்பதால் வாய் திறக்காமல் நிற்பது கடினமாக இருந்தது. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே வைத்தாள். சக்கரம் நன்றாகச் சுழன்றது, பல்ப் எரியவில்லை. இரண்டு கைகளையும் குவித்து, பல்பைச் சுற்றி இருட்டாக்கிப் பார்த்தாள். அப்போதும் இல்லை. குந்தியபடி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, சக்கரம் சுற்றுகிறது, மோட்டார் சுற்றவில்லை" என்றாள். ஈரம் பட்ட பட்டி சின்னக் கப்பியில் வழுக்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் புதிதாக வருகிற பையன்களுக்கே இதைக் கண்டுபிடிக்க நாளாகும்.

பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு வளையம் வெட்டிக் கொடுத்தேன். அது இறுக்கம் அதிகமாகிச் சக்கரத்தையே நிறுத்திவிட்டது. அகலத்தைக் குறைத்து இன்னொன்று வெட்டியதும் மோட்டார் சீராகச் சுழன்றது. பல்ப் மட்டும் எரியவில்லை. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். எங்கள் பீலி வேகத்துக்கு அது எட்டாது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும். ரேடியோ திருத்தும் கடையில் ஒன்று வாங்கி மாட்டினோம். அதுவும் எரியாதபோது, நான் சொல்லாமலேயே கம்பிகள் இரண்டையும் மாற்றிக் கொடுத்தாள். எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்னை விடும். மங்கலாக, ஆனால் விடாமல் எரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாத்திரங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"நோர்ட்டனிலும் இப்படித்தானா?" என்று கேட்டாள். இப்படித்தான் என்றேன். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரில்தான் அங்கே விமலசுரேந்திர மின் நிலையம் 50 மெகாவாட் வரை தருகிறது. நீர்மின்சாரத்துக்காக 1918-லேயே கட்டுரை எழுதி வாதாடிய பொறியியலாளரின் பெயர் அது என்பதையும் சொன்னேன்.

வாங்கலாம். கூடவே ஒரு சிவப்பு பல்பும் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பும் எடுத்துவையுங்கள். பிள்ளை திணறும்போது கையை நீட்டாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது தகடுகளில் நான்கைக் கழற்றிவிட்டு பல்ப் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.