ஒரு சீசன் முழுக்கப் போட்டுத் துவைத்த பிறகு: எங்கள் ஊர் ஜெர்சிக் கடை எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போகலாம். ஆனால் கோடு போட்ட ஜெர்சி அடிப்பதாக இருந்தால் எண் எந்த நிறம் என்பதை அங்கே டிசைன் போடுகிற தம்பி கையில் விடாதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

கடைப் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார். பள்ளி விளையாட்டுப் போட்டி, குடும்ப நாள் டி-சட்டை, கோயில் திருவிழாத் தொண்டர் சட்டை என்று இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியவில்லையாம். பேராவில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்காரர்களுக்கு மாடிப்படி, கீழே போட்டோஸ்டாட் என்றாலே எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

நான் ஊர்க் கால்பந்து அணியில் சாமான் பார்க்கிற ஆள். பந்து, கூம்பு, ஐஸ் பெட்டி, ஜெர்சி மூட்டை எல்லாம் என் காருக்குள்தான். மாநில லீக்கில் ஆடுகிறோம். ஆட்டத்துக்கு ஆட்டம் அலவன்ஸ் உண்டு, அதை நம்பி யாரும் வீட்டுக் கடன் கட்ட முடியாது. பையன்கள் செம்பனை ஆலையிலும் ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறார்கள், ஒருவன் உலு சிப்புட்டிலிருந்து மோட்டாரில் இறங்கி வரும் தெமியார் (பூர்வகுடி) பையன், எங்களிடம் இருப்பதிலேயே வேகமான இடது விங்கர் அவன்தான்.

எங்களுக்கு மேலே உள்ள லீக்குகளில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலேசியாவின் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக் 2022 சீசனோடு முடிந்துபோனது, 2024-25ல் ஏ1 செமி-ப்ரோ லீக் வந்தது, அதற்குக் கீழே ஏ2, ஏ3. 2025ல் பேரா எஃப்சியே முதல் நிலையான சூப்பர் லீக்கை விட்டு விலகியது. 2018 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரெங்கானுவோடு 3-3 என்று சமமாகி, பினால்டியில் ஜெயித்துக் கிண்ணத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்த அணி. அந்த மஞ்சள் கருப்பைப் பார்க்க ஈப்போ அரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் கொஞ்சம் பேர் இந்த சீசன் எங்கள் திடலோரத்தில் வந்து நின்றார்கள். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை, ஜெர்சி எங்கே விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் லெவலில் இதற்கு முன்னால் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனால்தான் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் இல்லாமல் ரசிகர்களுக்கும் சேர்த்து நல்ல கடையில் அடிக்கலாம் என்று முடிவானது.

போன சீசன் ஆன்லைனில் மலிவாக ஒரு செட் எடுத்தோம். எண்ணெல்லாம் சூடு வைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர். காசு போட்டால் ஓடுகிற டோபிக் கடையில் டிரையரை முழுச் சூட்டில் வைத்தால் அது என்ன ஆகும்? எங்கள் நடுத்திடல் ஆட்டக்காரனின் 8ஆம் எண் இடது பக்கமாக உரிந்து 3 ஆகிவிட்டது, நடுவரும் மஞ்சள் அட்டையை 3ஆம் எண்காரன் பேரில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவன் அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்!

இந்தக் கடையில் எல்லாமே சப்ளிமேஷன். தாளில் அச்சடித்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள், மை ஆவியாகிப் பாலியெஸ்டர் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. உரிவதற்கு மேலே ஒன்றும் கிடையாது. பருத்தித் துணியில் இது நிற்காது, அதனால் பருத்திதான் வேண்டும் என்கிறவர்கள் வேறு கடை பாருங்கள். சீசன் முழுக்க அதே டோபிக் கடை, அதே டிரையர்தான், ஒரு எண்கூடப் போகவில்லை. மைதானச் செம்மண் மட்டும் போகமாட்டேன் என்கிறது, அதற்குக் கடை என்ன செய்யும்.

விலை: சட்டை மட்டும் 38 வெள்ளி (ரிங்கிட்), காற்சட்டையோடு 60. ஊரில் இதைவிடக் குறைவாக அடிப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் துணியை மழையில் பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணி ஆட்டம், நம் ஊர் மழை, பத்து நிமிடத்தில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும். இவர்கள் தருவது சின்னச் சின்னத் துளை உள்ள துணி, நனைந்தாலும் பாரம் தெரியவில்லை என்று பையன்களே சொன்னார்கள்.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்தது வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யமாட்டார்கள் என்பது. கேட்டரிங் அண்ணன் ஒருவர் விளம்பரதாரர், முதுகில் கடைப் பெயரும் போன் நம்பரும் வர வேண்டும் என்றார். அவர் வாட்சப்பில் அனுப்பியதை அப்படியே அடித்திருக்கலாம். அடிப்பதற்கு முன்னால் கடையிலிருந்து போன்: "அண்ணே, நம்பர்ல ஒரு எண்ணு குறையுது, கேட்டுச் சொல்லுங்க." அப்படியே போயிருந்தால் சீசன் முழுக்க அணி மொத்தமும் முதுகில் தப்பு நம்பரைச் சுமந்திருக்கும், அண்ணனுக்கு ஒரு ஆர்டரும் வந்திருக்காது.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். சட்டைக் கையில் கோயில் இளைஞர் குழுவின் பெயரைத் தமிழில் போடச் சொன்னோம். முதல் மாதிரியில் ஒற்றைக்கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் சிதறிக் கிடந்தது, டிசைன் மென்பொருளில் தமிழ் உடைவது இங்கே எல்லாக் கடையிலும் உள்ள வியாதி. மற்ற கடைகளில் "இப்படித்தான் வரும்" என்பார்கள். இந்தத் தம்பி வேறு எழுத்துரு தேடி, படமாக மாற்றி ஒட்டி, கடைக்கார அண்ணனின் அம்மாவை வாசிக்கச் சொல்லி சரிபார்த்தான்.

அப்புறம் கோல்கீப்பர் சட்டை. எங்கள் கீப்பர் ஆர். ஆறுமுகம் பைத்தியம், வயது 22தான், ஆனால் அவன் அப்பா ஊட்டி வளர்த்த பைத்தியம். ஆறுமுகம் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்றபோது கோல் வாசலில் நின்றவர், அந்த நீளக் கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் எடுத்தவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் மாஸ்கோ போகவில்லை, 1988ல் கார் விபத்தில் போய்விட்டார். அவர் நினைவாகக் கையில் ஒரு குட்டிச் சிலந்தி வேண்டும் என்றான். டிசைன் தம்பிக்கு ஆறுமுகத்தைத் தெரியாது. நெஞ்சு முழுக்க வலை, சிவப்பு, நீலம் என்று பிறந்தநாள் கேக் மாதிரி ஒன்றைப் போட்டு அனுப்பினான். கீப்பர் நேரே கடைக்குப் போய், போனில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டி, அரை மணி நேரம் கதை சொல்லியிருக்கிறான். கடைசியில் வந்தது: பச்சைச் சட்டை, வலது மணிக்கட்டுப் பக்கம் ஐம்பது காசு அளவில் ஒரு கறுப்புச் சிலந்தி. கிட்டே போனால்தான் தெரியும். இந்த சீசனில் கடை செய்ததில் இதுதான் ஆக நல்ல வேலை, இதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை.

இப்போது குறை. எங்கள் உள்ளூர் ஜெர்சி மஞ்சள் கருப்புக் கோடு. அதன் மேல் எண்ணைக் கரும்சிவப்பில் போட்டுக் கொடுத்தார்கள். கணினித் திரையில் ஜோராக இருந்தது. திடலில் இருபது அடி தள்ளி நின்றால் கருப்புக் கோட்டில் பாதி எண் காணாமல் போகிறது. முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே ஆட்ட ஆணையர் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்து, இன்றைக்கு விடுகிறேன், அடுத்த ஆட்டத்துக்குள் மாற்று என்றார். கடையில் கேட்டால் முதலில் "மானேஜர் ஓகே சொன்னாரே" என்ற பதில். எங்கள் அணி மானேஜர் ஓகே அனுப்பியது உண்மைதான், போனில் உள்ளங்கை அளவுப் படத்தைப் பார்த்து. ஆனால் லீக் அணிகளுக்கு அடிக்கிற கடைக்கு, கோடு போட்ட சட்டையில் எண்ணுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் கட்டம் வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனைக்கும் இதே கடைதான், உள்ளே போடும் பனியன் சட்டைக்கையின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்ற கால்பந்து 4ஆம் விதியை நாங்கள் கேட்காமலே சொல்லி, கறுப்பில் எடுத்துக் கொடுத்தது. கடைசியில் கருப்புக் கட்டத்தில் வெள்ளை எண் அடித்து மேலே தைத்துக் கொடுத்தார்கள், துணிக் காசு மட்டும் வாங்கினார்கள். நியாயம்தான் என்றாலும் தையல் முதுகை உறுத்துகிறது என்று பையன்கள் சீசன் பாதிவரை முனகினார்கள்.

ஒற்றைச் சட்டை விஷயம் இதையெல்லாம்விட முக்கியம், ஜெர்சி அடிக்கப் போகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். சீசன் நடுவில் ஒரு சட்டை கிழியும், ஒரு பையன் வேலை மாறி ஜோகூர் போவான், புதிதாக ஒருவன் வருவான். பெரும்பாலான கடைகளில் பத்துக்குக் குறைந்து அடிக்கமாட்டார்கள். இங்கே ஒன்றுகூட அடிப்பார்கள், 55 வெள்ளி, மூன்று நாள். ஆனால் புதுச் சட்டையின் மஞ்சள் பழைய மஞ்சளைவிட ஒரு பிடி அடர்த்தியாக வந்தது, துணிக் கட்டு மாறிவிட்டதாம். அணிப் படத்தில் புது ஸ்ட்ரைக்கர் மட்டும் தனியாக மின்னுகிறான். ஆரம்பத்திலேயே எண் போடாமல் நாலைந்து சட்டை கூடுதலாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணைப் பிறகு கட்டத்தில் தைத்துக்கொள்ளலாம்.

ரசிகர் ஜெர்சி நன்றாகவே போனது. அளவு மட்டும் கவனம்: இவர்களுடைய எல் என்பது ஒல்லிப் பையனுக்கான எல். தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கிற நம் வயதுக்காரர்கள் இரண்டு அளவு கூட்டிச் சொல்லுங்கள்.

அடுத்த சீசனுக்கும் இங்கேதான் கொடுக்கப் போகிறோம், அந்தச் செம்மண்ணுக்குப் பயந்து வெளியூர் ஆட்டத்துக்கு வெள்ளை மட்டும் அடிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. காலையில் போனால் அண்ணன் இருப்பார், மத்தியானத்துக்கு மேல் தம்பி மட்டும்தான், வேலையை நன்றாகக் கேட்டுக்கொள்வான், ஆனால் அவனிடம் ஒரு வெள்ளிகூடக் குறைக்க முடியாது.