பெரிய ஏர்சாஃப்ட் ஆட்டங்களுக்கு பாவ்ஃபெங் யூவி-5ஆர் ஏற்றதா?

இங்கிலாந்தின் தென்பகுதிக் காடுகளில் நடக்கும் பெரிய ஏர்சாஃப்ட் ஆட்டங்களில் சில ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கிகளோடு, பக்கத்துக்கு நூறு பேருக்கும் மேல் திரண்டு, இரண்டு நாள் முழுவதும் ஒரே தலைமையின் கீழ் ஆட வேண்டிய ஆட்டங்கள் அவை. பத்துப் பேர் ஆடும்போது உரக்கக் கூப்பிட்டாலே வேலை நடந்துவிடும். நூறு பேர் மரங்களுக்கிடையே சிதறி நிற்கும்போது வாக்கி-டாக்கி இல்லாத குழுவின் நிலை, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதற்குச் சமம். புதிதாகச் சேருபவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்னும் வாக்கி-டாக்கியை வாங்கலாமா என்பதுதான். அதற்கான என் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சுமார் 25 பவுண்டுக்குக் கிடைக்கும் இந்தச் சீனக் கருவி, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அலைவெண்களிலும் இயங்குகிறது. அதில் 128 அலைவரிசைகளைப் பதிந்து வைக்கலாம். அனுப்பும் திறன் உயர்நிலையில் 4 வாட், தாழ்நிலையில் 1 வாட். 1800 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, இடையிடையே பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு நாள் ஆட்டத்துக்குத் தாராளமாக வருகிறது. கென்வுட் வகை இரட்டை முனைச் செருகி இருப்பதால் சந்தையிலுள்ள பெரும்பாலான ஹெட்செட்டுகளும் பேசும் பட்டன்களும் இதில் பொருந்துகின்றன. ஏர்சாஃப்ட் ஆடுபவர்களிடையே இது இவ்வளவு பரவியதற்கு விலைக்கு அடுத்த காரணம் இதுவே என்று கருதுகிறேன். கைக்கு அடக்கமானது, இடுப்பு வாரில் பாரம் தெரியாது.

ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு களத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாத கருவி இது. பக்கவாட்டிலுள்ள அழைப்புப் பட்டனைச் சற்றே தட்டினால் எஃப்எம் வானொலி ஒலிக்கத் தொடங்கும். அதையே அழுத்திப் பிடித்தால் அபாய ஒலி அலறும். புதருக்குள் பதுங்கியிருப்பவருக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. ஆகவே சர்ப் என்னும் இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு, கணினியோடு கம்பியால் இணைத்து, வானொலியை முடக்கிவிட வேண்டும். விசை ஒலி, பேசி முடித்ததும் எழும் ‘பீப்’ ஒலி, திரை வெளிச்சம் ஆகியவற்றையும் அணைத்துவிட வேண்டும். தொடர்ந்து அனுப்பும் நேரத்துக்கு வரம்பு விதிக்கும் அமைப்பு ஒன்று இதில் உண்டு. அதை 15 அல்லது 30 வினாடியில் வைப்பது மிக அவசியம். யாராவது ஒருவர் பேசும் பட்டன் மேல் படுத்துவிட்டால் குழு முழுவதும் ஊமையாகிவிடும்; இந்த வரம்பு இருந்தால் அந்த அலைவரிசை தானாக விடுபடும். குரல் கேட்டதும் தானே அனுப்பத் தொடங்கும் வசதியை நம்ப வேண்டாம், ஓடி மூச்சிரைத்தாலே அது விழித்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியமான விஷயம் சட்டம். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் உரிமமின்றிப் பேசுவதற்கு ஒதுக்கப்பட்டது பிஎம்ஆர்446 என்னும் பகுதி; அதாவது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 16 அலைவரிசைகள். அங்கே பேசும் கருவியின் திறன் அரை வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆன்டெனாவும் கழற்ற முடியாததாக இருக்க வேண்டும். யூவி-5ஆரின் தாழ்நிலையே 1 வாட். அதன் ஆன்டெனாவோ திருகிக் கழற்றக்கூடியது. எனவே அந்த அலைவரிசைகளைப் பதிந்துகொண்டு இதில் பேசுவது, எத்தனை பேர் செய்தாலும், விதிமீறல்தான். முறையாகப் பேச விரும்பும் குழுக்களுக்கு, பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வழங்கும் சிம்பிள் யூகே லைட் உரிமம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு 75 பவுண்டு, 5 வாட் வரை அனுமதி. குழுவில் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால் அது பெரிய செலவே அல்ல. கருவி அந்த உரிமத்தின் தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு உட்பட்டதுதானா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கூடுதல் வாட் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் புதியவர்களிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அரை வாட் கருவியும், ஈர இலைகள் அடர்ந்த காட்டில்கூட, ஆட்டக்களத்தின் பெரும்பகுதியை எட்டிவிடுவதையே நான் கண்டிருக்கிறேன். ஆன்டெனாவை நிமிர்த்தி, உடம்பு மறைக்காதவாறு தோளுயரத்தில் வைப்பதால் கிடைக்கும் பலன் திறனைக் கூட்டுவதால் கிடைப்பதில்லை. யூவி-5ஆருக்கென்றே பலரும் வாங்கும் நீண்ட ஆன்டெனா திறந்தவெளிக்கு நல்லதுதான், ஆனால் காட்டில் கிளைக்குக் கிளை சிக்குகிறது.

பெரிய ஆட்டங்களில் தொடர்பு குலைவதற்கு நான் கண்ட உண்மையான காரணங்கள் வேறு. பேச்சோடு சேர்த்து அனுப்பப்படும் தாழ்ந்த ஒலியான துணைத் தொனியை ‘ரகசியக் குறியீடு’ என்று நம்புவது முதலாவது. அதே தொனியோடு வரும் பேச்சுக்கு மட்டுமே கருவி ஒலி எழுப்பும். அந்தத் தொனி, நம் காதுக்கு மற்றவர் பேச்சு எட்டாமல் தடுக்கிறதே ஒழிய, நம் பேச்சு மற்றவர் காதுக்கு எட்டாமல் தடுப்பதில்லை. எதிரணியில் ஒருவர் தொனியை அணைத்துவிட்டால் நம் திட்டம் முழுவதும் அவருக்குக் கேட்கும். அதைவிட மோசம், ஒரே அலைவரிசையில் வெவ்வேறு தொனியோடு பேசும் இரண்டு குழுக்கள், ஒன்றையொன்று கேட்காமலேயே ஒன்றின் பேச்சை மற்றொன்று அழித்துக்கொண்டிருக்கும். இக்கருவிகள் பயன்படுத்தும் எஃப்எம் முறையின் இயல்பால் வலுவான அலை மட்டுமே தேறும், மெலிந்தது சுவடில்லாமல் போய்விடும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் எந்தக் குழுவுக்கு எந்த அலைவரிசை என்று தலைமை தாளில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது காரணத்தை என் தவறாலேயே கற்றேன். பட்டனை அழுத்திய கணமே பேசினால், எதிர்முனைக் கருவி திறந்துகொள்ளும் முன்பே முதற்சொல் விழுங்கப்பட்டுவிடும். ஓர் ஆட்டத்தில் பாலத்தருகே காத்திருந்த எங்கள் ஆட்களுக்கு நான் ஆங்கிலத்தில் ‘டோன்ட் மூவ்’ என்றேன். அவர்களுக்குக் கேட்டது ‘மூவ்’ மட்டும். ஏழு பேரும் திறந்த வெளியில் எழுந்து நடந்து, ஒரே நிமிடத்தில் ஆட்டமிழந்தார்கள். அன்று முதல் எங்கள் குழுவில் பட்டனை அழுத்தி ஒரு வினாடி பொறுத்துத்தான் வாய் திறக்கிறோம். மறுப்புச் சொல்லில் தொடங்கும் கட்டளையே கொடுப்பதில்லை. ‘ஹோல்ட்’ என்று ஒரு சொல், அதையே இருமுறை. யாரை அழைக்கிறோம், யார் அழைக்கிறோம், எங்கே, என்ன என்ற வரிசை மாறுவதில்லை. கேட்டவர் கட்டளையைத் திருப்பிச் சொன்ன பிறகே அது சேர்ந்ததாகக் கொள்கிறோம்.

இரண்டு அலைவரிசைகளை ஒருசேரக் கவனிக்கும் என்று சொல்லப்படும் இந்தக் கருவியின் இரட்டைக் கண்காணிப்பு வசதி பெரிதும் புகழப்படுகிறது. ஆனால் உள்ளே அலைகளை வாங்கும் ஏற்பி (ரிசீவர்) ஒன்றுதான் இருக்கிறது. அது இரண்டு அலைவரிசைகளையும் மாறி மாறி எட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. ஒன்றில் பேச்சு ஓடும்போது மற்றொன்று காதில் விழாது. நாம் பதில் சொல்லும்போது எந்த அலைவரிசையில் போகிறது என்பதிலும் குழப்பம் நேரும். குழுத்தலைவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு தனிக் கருவிகள்: சக ஆட்டக்காரர்களோடு பேச உரிமம் வேண்டாத பிஎம்ஆர்446 கருவி இடக்காதில், தலைமையோடு பேச உரிமத்தின் கீழ் யூவி-5ஆர் வலக்காதில். பாரம் கொஞ்சம் கூடும். ஆயினும் யார் பேசுகிறார் என்பதைக் காதே பிரித்துச் சொல்லிவிடுவதால் மனம் ஆட்டத்தில் நிற்கிறது.

பெட்டியோடு வரும் காதுக்கருவி பயிற்சிக்குப் போதும், மழைக்கும் வியர்வைக்கும் போதாது. ஒலியைக் காதுக்குக் கடத்தும் காற்றுக்குழாய் உள்ள காதுக்கருவியும், மார்புப் பட்டையில் பொருத்தும் பெரிய பேசும் பட்டனும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கடையில் நான் மலிவாக வாங்கிய ஹெட்செட்டின் ஒலிவாங்கி இரண்டாவது ஆட்டத்திலேயே செத்துப்போனது. பணத்தைக் கருவியில் மிச்சம் பிடித்து இதில் செலவிடுவதே சரி என்பது அதன் பிறகு புரிந்தது.

குழுத்தலைவராகவோ செய்தி சுமப்பவராகவோ இருந்து, உரிமம் எடுத்து, ஒரு மாலைப்பொழுதை அமைப்புகளைச் சரிசெய்யச் செலவிடவும் ஆயத்தமாக இருப்பவர் யூவி-5ஆரைத் தாராளமாக வாங்கலாம். இந்த விலைக்கு இதைவிட மேலான ஒன்றை நான் கையாண்டதில்லை. முதல் பெரிய ஆட்டத்துக்குப் புறப்படும் சாதாரண ஆட்டக்காரர், 16 அலைவரிசைகளும் உள்ள நல்ல பிஎம்ஆர்446 கருவி ஒன்றை வாங்கி, குழுவின் அலைவரிசையையும் தொனியையும் அதன் முதுகில் ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டிக்கொண்டு வரட்டும்.